பழக்கியவர் ஒருவர், கச்சேரியன்று கோல் பிடிப்பவர் இன்னொருவர்: விடுமுறைக் காலக் கச்சேரியில் சேர்ந்திசையை யார் நடத்த வேண்டும்?

ஆல்ட்டோ இரண்டாம் வரிசை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் சமூக இசைக்குழு ஆண்டுதோறும் டிசம்பர் விடுமுறையையொட்டி ஒரு கச்சேரி நடத்துகிறது. வாசிப்பவர்கள் நாற்பத்தைந்து பேர், பாடுபவர்கள் அறுபது பேர். ஒருவருக்கும் ஊதியம் கிடையாது, வேலை முடிந்து மாலையில் வந்து பழகுகிறவர்கள்தாம். பாடுபவர்களின் குழுவைத்தான் சேர்ந்திசை என்கிறோம். அதன் இயக்குநர் எங்களைப் பன்னிரண்டு வாரம் தயார் செய்கிறார். கடைசி இரண்டு ஒத்திகைகளில்தான் இசைக்குழுவுடன் சேர்கிறோம். அப்போது அவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ள, இசைக்குழுவின் நடத்துநர் தாளம் காட்டும் கோலை எடுக்கிறார். கச்சேரியும் அவர் கையில்தான்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசாயா’ என்ற நீண்ட கிறிஸ்தவ இசைப்படைப்பில் உள்ள அல்லேலூயா கோரஸைப் பாடியவர்களுக்கு அதன் முடிவு நினைவிருக்கும். கடைசி ‘அல்லேலூயா’வுக்கு முன்னால் எல்லாக் குரல்களும் எல்லாக் கருவிகளும் ஒருசேர நின்று ஒரு மௌனம் விழும். எங்கள் இயக்குநர் அந்த மௌனத்தைக் காலப்பிரமாணம் பிசகாமல் எண்ணிப் பழக்கியிருந்தார். நடத்துநரோ கச்சேரியன்று அதைச் சற்றே நீட்டினார். பன்னிரண்டு வாரம் எண்ணிப் பழகிய டெனர்கள் (உயர்ந்த ஆண்குரலில் பாடுபவர்கள்) நால்வர், எண்ணிக்கை முடிந்ததும், தலையை நிமிர்த்தாமலேயே முழுக்குரலில் அந்த மௌனத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். ‘அல்’ என்ற ஒரே அசைதான். அரங்கின் கடைசி நாற்காலிவரை தெளிவாகக் கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் கச்சேரிக் குழுவில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. பாட்டு உள்ள உருப்படிகளைப் பழக்கியவரே நடத்தட்டும் என்கிறது ஒன்று. இசைக்குழு மேடையில் இருக்கும்வரை கோல் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. செயலாளர் என்ற முறையில் நான் இரு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பொறுப்பிலும் இருந்து பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


கடைசி வரிசை வயோலா

முதலில் சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். ‘நடத்துநர்’ என்றால் நம்மவர்களுக்குப் பேருந்தில் விசில் ஊதுகிறவர்தான் நினைவுக்கு வருவார். அந்த வேலைக்கும் இந்த வேலைக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றுதான்: வண்டி புறப்படுகிறது என்பதும் நிற்கிறது என்பதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். வாசிக்கிறவன் என்ற முறையில் என் குறையும் அதுவே. சேர்ந்திசை இயக்குநர்கள் சிலர் எங்களை நடத்த வரும்போது கைகள் மிக அழகாக மிதக்கின்றன. தாளத்தின் தட்டு எங்கே விழுகிறது என்றுதான் தெரிவதில்லை.


கோல் பிடித்த கை

நான் ஒரு சமூக இசைக்குழுவை ஏழாண்டு நடத்தியவன். அதற்கு முன்பு ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாஸ் என்னும் தாழ்ந்த ஆண்குரலில் பாடியவன். என் கருத்து இரண்டாம் கட்சியோடுதான் போகிறது என்றாலும், நால்வர் மௌனத்தில் பாய்ந்த குற்றத்தை நான் அந்த நடத்துநர் கணக்கில்தான் எழுதுவேன். நீட்டப்போகிறேன் என்பதை அவர் முதல் மாதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இரட்டைப் பொறுப்பே பிற்காலத்தில் வந்தது. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் ‘மெசாயா’ முதன்முறையாக அரங்கேறியபோது இப்படியொரு வழக்குக்கு இடமே இல்லை. ஹேண்டல் விசைப்பலகையில் அமர்ந்தபடியே எல்லாவற்றையும் நடத்தினார். வயலின்களை மாத்யூ டூபூர்க் முன்னின்று நடத்தினார். பாடியவர்கள் இரண்டு தேவாலயங்களின் பாடகர்கள், நாள்தோறும் சேர்ந்து பாடியே பழகியவர்கள். 1784இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹேண்டல் நினைவு விழாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடி வாசித்தும் பாடியும் இருக்கிறார்கள். அப்போதும் ஜோவா பேட்ஸ் ஆர்கனில் அமர்ந்துதான் அதை நடத்தினார். கோலை ஏந்தி முன்னால் தனியாக நிற்கும் ஒருவர் என்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது. அதற்கு முன்பு பிரான்சில் இசையமைப்பாளர் லுல்லி நீண்ட தடியால் தரையில் தட்டித் தாளம் காட்டினார். 1687இல் ஒருநாள் அது தன் காலிலேயே பட்டு, புண் அழுகி இறந்தும் போனார். எங்கள் தொழிலில் உயிரிழப்பு அரிது என்பதால் இந்தக் கதையை எந்த நடத்துநரும் சொல்லாமல் விடமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் சேர்ந்திசை நிற்பது பின்னால். முதல் வயலின்கள் இருப்பது முன்னால். இடையில் பதினைந்து மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே வயலின் ஒலி உங்கள் காதை எட்ட விநாடியில் ஆயிரத்தில் 44 பங்கு பிடிக்கும். அதைக் கேட்டு, அதனோடு சேர்ந்து நீங்கள் பாடினால், உங்கள் குரல் மேடையின் முன்பக்கம் வந்து சேர இன்னொரு 44 பங்கு ஆகும். கேட்கிறவர்களுக்கு நீங்கள் 88 பங்கு பிந்தியிருப்பீர்கள். நிமிடத்துக்கு எண்பது தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு சுரமாக ஓடும் இடங்களில் இது ஒரு சுரத்தின் கிட்டத்தட்டப் பாதி. ‘சேர்ந்திசை எப்போதும் பின்னால் இழுக்கிறது’ என்று வயலின்காரர்கள் முணுமுணுப்பதில் பாதி இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும். காதை நம்பாமல் கண்ணை நம்பிப் பாட வேண்டும் என்பதை அறுபது பேருக்கும் பழக்க இரண்டு ஒத்திகை போதாது. மூன்றாவது வாரம் ஒருநாளும் எட்டாவது வாரம் ஒருநாளும் நடத்துநர் சேர்ந்திசை ஒத்திகைக்கு வந்து அரைமணி நேரம் தன் கோலால் நடத்திக் காட்ட வேண்டும். நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று கச்சேரிகள் ஆயின.


பியானோ இருக்கை

ஒத்திகைகளுக்குப் பியானோ வாசிக்கிறவள் நான். இரு கட்சிக்கும் இடையே நிஜமான தூது என்னுடையது என்பதால் ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு வாரமும் பாடகர்களின் வரியைப் பியானோவில் கூடவே வாசித்துத் தாங்கினால் அவர்கள் அருமையாகப் பாடுவார்கள். இசைக்குழுவோடு சேரும் நாளில் அந்தத் தாங்கல் காணாமல்போக, முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்கள். ஆகவே ஏழாவது வாரத்திலிருந்து குரல்வரியை வாசிப்பதை நிறுத்திவிடுகிறேன். கருவிகள் என்ன வாசிக்குமோ அதை மட்டுமே வாசிக்கிறேன். முதல் நாள் என்னைத் திட்டாதவர்கள் இல்லை.

இன்னொன்று. பியானோவில் சுரம் அழுத்தியதும் உடனே கேட்கும், பிறகு தேய்ந்துபோகும். தந்திக் கருவிகள் மெல்ல எழும்பி நீளமாக நிற்கும். பியானோவைக் கேட்டுப் பழகிய பாடகர்களுக்கு இசைக்குழு தாமதமாக வருவதுபோலத் தோன்றும். நடத்துநரின் கோல் கீழே தொட்ட பிறகு ஒலி வருவதைப் பார்த்து ‘இவர் பிந்திப் பிடிக்கிறார்’ என்று இயக்குநரிடம் புகார் போகும். யாரும் பிந்தவில்லை.


சொப்ரானோக்களின் சுமைதாங்கி

நான் சேர்ந்திசை இயக்குநர். மேலே எழுதியவர்கள் எல்லோரும் அன்போடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும், மிதக்கும் கைகள் என்று வயோலா நண்பர் கேலி செய்த அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்பதை யாரும் கேட்கவில்லை.

வில்லை இழுப்பவருக்கு மெய்யெழுத்து கிடையாது. எங்களுக்கு உண்டு. ஒரு சொல் ‘ஸ்’ என்று முடிந்தால், அந்த ‘ஸ்’ அறுபது வாய்களிலிருந்து ஒரே கணத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் அரங்கில் சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போலக் கேட்கும். அதற்காக என் பாடகர்களின் தாள்களில் ஒவ்வொரு நீண்ட சுரத்தின் முடிவிலும் பென்சிலால் ஒரு சிறு கோடு கிழித்து, மெய்யெழுத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் அது சுரத்தின் கடைசித் தட்டில் வராது, அதற்கு அடுத்த மௌனத்தின் முதல் தட்டில்தான் வரும். இடது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து மூடும்போது ‘ம்’ மூடுகிறது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பும்போது உயிரெழுத்து வட்டமாகிறது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் நானும் வாய்திறந்து மூச்செடுக்கிறேன், அதைப் பார்த்து அறுபது பேரும் எடுக்கிறார்கள். கோல் பிடித்தவர் தட்டை மட்டும் தெளிவாகக் காட்டி, மூச்சைக் காட்டாமல் விட்டால், பாடகர்கள் முதல் சுரத்தைப் பாடுவதில்லை. முதல் சுரத்தில் மூச்செடுக்கிறார்கள், இரண்டாவதில் பாடுகிறார்கள். கூட்டு ஒத்திகையில் ‘ஒரு தட்டு பிந்துகிறீர்கள்’ என்று எங்களைக் கண்டிக்கும் நடத்துநர்களில் பாதிப் பேர் தங்கள் மூச்சை அடக்கிக்கொண்டே கோலை இறக்குகிறவர்கள்.

பழக்குவதிலும் எங்களுக்கென்று தனி வழிகள் உண்டு. 1940களில் நடத்துநர் டோஸ்கனினிக்காகச் சேர்ந்திசைகளைத் தயார்செய்த ராபர்ட் ஷா, சொற்களை எடுத்துவிட்டு எண்களைப் பாடவைப்பார். ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிளந்து, நீண்ட சுரத்துக்குள்ளும் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்படி, தணிந்த குரலில். முதல்முறை கேட்டால் வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பு போலிருக்கும். நான்கு வாரம் செய்து பாருங்கள், நீண்ட சுரங்கள் தூங்கிவிழுவது நின்றுபோகும். இந்த உழைப்பெல்லாம் முடிந்து கச்சேரியன்று நாங்கள் ஓரமாக உட்கார வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இயக்குநருக்கு இசைக்குழுவை நடத்த வராது என்ற எண்ணத்தை ஏற்கமாட்டேன். நடத்துநர் ஃபிரிட்ஸ் ரைனரின் அழைப்பின் பேரில் 1957இல் சிகாகோ சிம்பொனியின் சேர்ந்திசையை உருவாக்கிய மார்கரெட் ஹில்லிஸ், 1977இல் நடத்துநர் ஜார்ஜ் சோல்ட்டி மேடையேற இயலாமல் போனபோது, நியூயார்க்கின் கார்னகி அரங்கில் மாலரின் எட்டாவது சிம்பொனியையே நடத்தி முடித்தார். அந்தப் படைப்பில் இரண்டு பெரிய சேர்ந்திசைகள், சிறுவர் குழு ஒன்று, தனிப்பாடகர்கள் எட்டுப் பேர். பழக்கியவருக்கு முழு ஸ்கோரும், அதாவது எல்லாக் குரல்களும் கருவிகளும் அடங்கிய சுரத்தாளும், தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

இன்னொரு வருத்தமும் உண்டு, இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு குழுவின் நிகழ்ச்சிநிரலில் நடத்துநரின் படம் முழுப் பக்கம் வந்தது; என் பெயர் நாற்காலி எடுத்துப்போட்டவர்களுக்கு நன்றி சொன்ன வரிக்கு அடுத்த வரியில் இருந்தது. கச்சேரி முடிந்து கைத்தட்டல் வந்தபோது நான் மேடைக்குப் பின்னால் அங்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.


கோல் பிடித்த கை

அங்கி எண்ணிய கதை வலிக்கிறது. எங்கள் குழுவில் முதல் வணக்கத்துக்கே இயக்குநர் மேடைக்கு வந்துவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நடத்துநர் இறங்கிப் போய் அவரைக் கைபிடித்து அழைத்து வருவார்.

மூச்சைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதை ஒரு பாடகனாக இருந்தும் நான் மறந்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹில்லிஸ் எடுத்துக்காட்டு எனக்குத்தான் துணைநிற்கிறது. அன்று மேடையில் கோல் ஒன்றுதான் இருந்தது.


சுரத்தாள் காப்பாளர்

ஒரு சில்லறை விஷயம். ஆனால் கூட்டு ஒத்திகைகளில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் போகிறது. பாடகர்கள் கையில் இருக்கும் பதிப்பும் வாசிப்பவர்கள் கையில் இருக்கும் பதிப்பும் ஒன்றா என்று பாருங்கள். ‘மெசாயா’வையே எடுத்துக்கொள்ளுங்கள்: நொவெல்லோ வெளியிட்ட வாட்கின்ஸ் ஷா பதிப்பில் அல்லேலூயா 44ஆம் எண், பேரன்ரைட்டர் பதிப்பில் அதே கோரஸ் 39ஆம் எண். நடத்துநர் ‘முப்பத்தொன்பது’ என்பார், அறுபது பேர் பக்கம் புரட்டுவார்கள், வேறொரு பாட்டில் போய் நிற்பார்கள். சில பழைய தாள்களில் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் ஒத்திகை எழுத்துகள் இருக்கும், ‘பார்’ எனப்படும் தாளக் கட்டங்களின் எண்கள் இருக்காது. ஐந்து பாருக்கு ஒருமுறை பென்சிலால் எண் எழுதிக் கொடுப்பது காப்பாளர் வேலை. அதை இரண்டு தலைவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து சரிபார்ப்பது அவர்கள் வேலை. அப்படி அமரும்போதுதான் மூச்சு எங்கே, முடிப்பு எந்தத் தட்டில், மௌனம் எவ்வளவு என்பதெல்லாம் பேச்சுக்கு வரும். தனியாகக் கூட்டம் போட்டால் இருவரும் பணிவாகப் பேசிவிட்டு எதையும் முடிவுசெய்யாமல் எழுந்துவிடுவார்கள்.


ஆல்ட்டோ இரண்டாம் வரிசை

அனைவருக்கும் நன்றி. பதிப்பைச் சரிபார்த்தேன்; எங்களிடம் இருந்தவை இரண்டல்ல, மூன்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. கச்சேரியின் முடிவில் அவையோரையும் பாடவைக்கும் கேரல் (கிறிஸ்துமஸ்) பாடல்கள் மூன்று இருக்கின்றன. நடத்துநர் அவையை நோக்கித் திரும்பினால் இசைக்குழு தத்தளிக்கிறது; திரும்பாவிட்டால் அவை தன்போக்கில் பாடுகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?


சொப்ரானோக்களின் சுமைதாங்கி

இந்த இடத்தில் இரண்டு தலைவர்கள் இருப்பது வரமேதான். நடத்துநர் இசைக்குழுவைப் பார்த்தபடி நிற்கட்டும். இயக்குநர் மேடையின் ஓரத்தில், அவையைப் பார்த்து நின்று, கோல் இல்லாமல் பெரிய சைகைகளால் அவையை நடத்தட்டும். அவர் நடத்துநரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும். அவைக்குத் தட்டு தேவையில்லை. எப்போது தொடங்குவது, எங்கே மூச்சு, அடுத்த சரணம் எப்போது என்பவைதான் தேவை. மூன்றையும் மூச்சாலேயே காட்டிவிடலாம்.

சுருதியையும் கவனியுங்கள். அவையோர் பாடும் பாடலின் உச்ச சுரம் டி அல்லது ஈ-ஃபிளாட்டைத் தாண்டினால், ஆண்கள் பாதிப் பேர் வாயசைப்பதோடு நின்றுவிடுவார்கள். சொப்ரானோக்களுக்குக் கடைசிச் சரணத்தில் மேல்வரி இருந்தால், அவை தன் மெட்டை விட்டு அதன் பின்னால் ஓடாமலிருக்க ஆல்ட்டோக்களும் ஆண்களும் அந்தச் சரணத்தில் நான்கு குரலாகப் பிரியாமல் மூல மெட்டையே ஒரே குரலாகப் பாட வேண்டும்.


கோல் பிடித்த கை

இதில் வழக்கே இல்லை, அப்படியே செய்கிறோம். ‘சைலன்ட் நைட்’ போன்ற பாட்டுக்கு இசைக்குழுவே தேவையில்லை என்பது என் எண்ணம். 1818இல் ஓபர்ன்டார்ஃபில் அதை முதன்முதலில் பாடியபோது இரண்டு குரல்களும் ஒரு கிதாரும்தான் முன்னின்றன. ஒரு சரணத்தையாவது நான் கோலைக் கீழே வைத்துவிட்டு இயக்குநரிடமே விட்டுவிடுவேன். வாசிப்பவர்களும் பாடுவார்கள்.

கருவிகள் மட்டும் வாசிக்கும் உருப்படிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெராய் ஆண்டர்சனின் ‘ஸ்லெய் ரைட்’ இல்லாமல் இந்தக் கச்சேரிகள் நடப்பதில்லை. 1948இல் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு அதை முதலில் வாசித்தது. ஆண்டர்சன் அதை எழுதத் தொடங்கியது ஒரு கோடை வெயிலில். அதில் சாட்டை சொடுக்கும் ஒலி இரண்டு மரப்பலகைகளை அறைவதால் வருகிறது, முடிவில் குதிரையின் கனைப்பை டிரம்பெட் எழுப்புகிறது. மேடையில் சும்மா நிற்கும் அறுபது பாடகர்களும் அந்தக் கனைப்புக்காகக் காத்திருந்து, அது வருவதற்குள் சிரித்துவிடுவார்கள். அவர்களைச் சிரிக்காமல் நிற்கவைப்பது இயக்குநரின் பொறுப்பு என்று ஒருமுறை நான் சொன்னேன், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.


கடைசி வரிசை வயோலா

டிரம்பெட்காரர்கள் சார்பில் ஒரு மனு. ‘மெசாயா’வில் அவர்களுக்குச் சில எண்களில்தான் வேலை, டிம்பனி என்னும் பெரிய முரசுகளுக்கு அல்லேலூயாவிலும் இறுதிக் கோரஸிலும் மட்டுமே. நெடுநேரம் சும்மா இருந்தால் கருவி குளிர்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. கூட்டு ஒத்திகையில் இரண்டு தலைவர்களும் மௌனத்தின் நீளத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், பிறகு வரும் டி மேஜரில் டி எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களுக்கான எண்களை ஒத்திகையின் தொடக்கத்திலேயே வைத்து, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.


பியானோ இருக்கை

வயோலா சொல்வதைச் செய்யுங்கள். வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்தால் பித்தளைக்காரர்கள் தேவதைகள் போல வாசிப்பார்கள்.


ஆல்ட்டோ இரண்டாம் வரிசை

நேற்று இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். காப்பாளர் சொன்னபடி, பதிப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அழைத்தேன். கச்சேரியில் கோல் நடத்துநரிடமே இருக்கும். அவர் மூன்றாவது, எட்டாவது வாரங்களில் எங்கள் ஒத்திகைக்கு வருவார். கேரல்களில் அவையை இயக்குநர் நடத்துவார். ஒரு சரணம் கருவிகள் இல்லாமல் முழுக்க அவருடையது. நிகழ்ச்சிநிரலில் இருவர் பெயரும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் வரும். இதைக் கேட்டது இயக்குநரல்லர், நடத்துநர்தான்.

அல்லேலூயாவின் மௌனத்தில் மட்டும் இழுபறி. எழுதியபடி எண்ண வேண்டும் என்கிறார் இயக்குநர். அரங்கின் எதிரொலி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறார் நடத்துநர். கடைசியில், எவ்வளவு நீண்டாலும் சரி, அந்த இடத்தில் யாரும் தாளைப் பார்க்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். அறுபது குரல் ஸ்கோர்களிலும் அந்தப் பாருக்கு மேல் ஒரு கண்ணை வரைந்துகொண்டிருக்கிறேன். டெனர்களுடையதில் இரண்டு கண்கள்.